பூதப்பாண்டி டு ஜெர்மனி: கெமிஸ்ட்ரி மாணவர்களே, மூணு மாசம் வெளிநாட்டு லேபுக்குப் போகலாமா?

1909-ம் ஆண்டு. நம்ம பக்கத்துல இருந்து ஜெர்மனிக்குப் போன கயிற்றில் மணல் ஒட்டியிருந்தது. ஷாம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் அதைச் சோதித்தபோது கிடைத்தது மோனசைட், அதாவது தோரியம் உள்ள கனிமம். அந்த மணலின் ஊர், நம்ம மணவாளக்குறிச்சி.

அன்னைக்கு கெமிஸ்ட்ரிக்காக அவங்க இங்க வந்தாங்க. பூதப்பாண்டியில பஸ் ஏறி நாகர்கோவில் காலேஜுக்குப் போற நீங்க, அங்க போக முடியாதா? முடியும். அம்மாவோட நகையை அடகு வைக்காமலே!

என்னென்ன திட்டங்கள்?

* டாட் வைஸ் (ஜெர்மனி): அறிவியல், இன்ஜினீயரிங் மாணவர்களுக்கு 2 முதல் 3 மாத ஆய்வகப் பயிற்சி.
* மிட்டாக்ஸ் குளோபலிங்க் (கனடா): 12 வாரம்.
* சார்பாக் லேப் (பிரான்ஸ்): குறுகிய காலப் பயிற்சிக்கான உதவித்தொகை.

மூன்றிலும் பணம் கொடுப்பது அவர்கள்தான். ஆனால் படிப்பு, மதிப்பெண், கல்லூரி என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி தகுதி விதிகள் உண்டு. அதிகாரபூர்வ தளத்தில் முதலில் அதைப் படிங்க.

எப்போ ஆரம்பிக்கணும்?

இரண்டாம் ஆண்டிலேயே. பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய் எடுத்து வைங்க. முதல் படியாக, இந்திய அறிவியல் அகாடமிகள் தரும் இரண்டு மாத கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். அந்த லேப் அனுபவமும் பேராசிரியரின் பரிந்துரைக் கடிதமும் பிறகு ரொம்பவே கைகொடுக்கும்.

மெயிலில் என்ன எழுதணும்?

'எனக்கு கெமிஸ்ட்ரி பிடிக்கும்' என்பது போதாது. நீங்க கையால செய்த சோதனையைச் சொல்லுங்க. ரப்பர் பாலில் ஃபார்மிக் அமிலம் விட்டால் ஏன் உறைகிறது? இது நம்ம ஊர் தோட்டத்துல தினமும் நடக்கிற வேதியியல். அதைச் செய்து பார்த்து எழுதினால், உங்க மெயில் தனியாத் தெரியும்.

கிரெடிட் கிடைக்குமா?

தானாகக் கிடைக்காது. கிளம்பும் முன்பே துறைத்தலைவரிடம் பேசி, எழுத்தில் வாங்கிடுங்க. இரு நாட்டுக் கல்லூரிகள் ஒப்பந்தம் போட்டு நடத்தும் 'ட்வின்னிங்' படிப்பு வேறு. அதில் 30 சதவிகிதம் வரையிலான கிரெடிட்களை வெளிநாட்டில் எடுக்கலாம் என்கின்றன யு.ஜி.சி-யின் 2022 விதிமுறைகள்.

ஏஜென்ட் பணம் கேட்டால்?

கட்டணம் கட்டிச் சேரும் கோடைக்கால வகுப்புகளும் உண்டு, எல்லாமே மோசடி இல்லை. ஆனா ஒரு கேள்வி கேளுங்க: 'அங்க நான் எந்தப் பேராசிரியரோட லேப்ல, என்ன வேலை செய்வேன்?' பதில் வரலைன்னா, அது படிப்பு இல்லை, டூர்!