பிளேட்சிங்கர் பிறந்த கதை

1974-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து ஒரு பெட்டி வெளியானது. உள்ளே மூன்று மெல்லிய கையேடுகள். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் எழுதிய ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டின் முதல் பதிப்பு அது. நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம். பாத்திரங்களின் நடுவே அந்தக் கையேடுகள் ஒரு வேலி போட்டன. வீரருக்கு எந்த ஆயுதமும் எந்தக் கவசமும் உண்டு, மந்திரம் கிடையாது. மந்திரவாதிக்கு மந்திரம் உண்டு. ஆயுதம் என்றால் குத்துவாள் மட்டும், கவசம் கிடையாது.

இந்த வேலியைத் தாண்ட எல்ஃப் என்ற கற்பனை இனத்துக்கு மட்டும் வழி விட்டார்கள். எல்ஃப் ஒரு பயணத்தில் வீரராகப் போகலாம், அடுத்த பயணத்தில் மந்திரவாதியாகப் போகலாம். வாளும் மந்திரமும் சேர்ந்த எல்ஃப் வீர மரபுக்கு, பிற்காலத்தில் பிளேட்சிங்கர் என்று பெயர் பெற்ற மரபுக்கு, விதை விழுந்தது இங்கேதான்.

ஏன் எல்ஃப்? அந்தக் காலத்து வாசகர்களிடம் கேட்டிருந்தால் இரண்டு புத்தகங்களைக் காட்டியிருப்பார்கள். இரண்டுமே 1954-இல் வந்தவை. ஒன்று தோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ முதல் பாகம். மற்றது போல் ஆண்டர்சனின் ‘தி புரோக்கன் சுவர்ட்’. ஆண்டர்சனின் எல்ஃபுகள் போரில் கொடியவர்கள், மாயத்தில் தேர்ந்தவர்கள், இரும்பைத் தொட முடியாதவர்கள். தோல்கீனின் எல்ஃபுகள் மரணமற்றவர்கள். ஆனால் அவர்களுடைய காலம் முடிந்துகொண்டிருக்கிறது. கப்பலேறி மேற்கே போய்விடுகிறார்கள். 1979-இல் தன்னைப் பாதித்த நூல்களைக் கைகாக்ஸ் பட்டியலிட்டபோது இந்த இரண்டு எழுத்தாளர்களும் அதில் இருந்தார்கள். வல்லமையும் மறைவும் சேர்ந்தே எல்ஃபுக்கு வாய்த்தன.

இரண்டு வித்தைகளை வைத்திருப்பவருக்கு ஆட்டம் சலுகை காட்டவில்லை. 1981-இல் டாம் மோல்ட்வே திருத்தி எழுதிய பதிப்பில் கணக்கு தெளிவாக இருந்தது. இரண்டாம் நிலைக்கு உயர வீரருக்கு 2,000 அனுபவப் புள்ளிகள் போதும். மந்திரவாதிக்கு 2,500. எல்ஃபுக்கு 4,000. அதோடு பத்தாம் நிலையில் எல்ஃபின் வளர்ச்சி நின்றுவிடும்; மனிதர்கள் அதற்கு மேலும் போகலாம். கூட வந்தவர்கள் முன்னேறிக்கொண்டே போக, எல்ஃப் மெல்ல மெல்லத்தான் ஏறுவார். இரட்டைக் கல்விக்கு இரட்டைக் காலம் பிடிக்கும் என்பதை ஆட்டம் புள்ளிகளாகவே வசூலித்தது.

இத்தனைக்குப் பிறகும் அந்தக் கலவைக்குத் தனி முகம் இல்லை. எல்ஃப் வாள் வீசுவார், அல்லது மந்திரம் சொல்வார். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன, ஒன்றில் ஒன்று கலக்கவில்லை. அந்த முகத்தைக் கொடுத்தவர் காலின் மெக்கோம்ப். 1990-களின் தொடக்கத்தில் அவர் எழுதிய ‘தி கம்ப்ளீட் புக் ஆஃப் எல்வ்ஸ்’ நூலில்தான் பிளேட்சிங்கர் பிறந்தார். ஒரே ஒரு ஆயுதத்தைத் தேர்ந்து வாழ்நாள் முழுக்கப் பழகுபவர். ஒரு கையில் அந்த ஆயுதம். கேடயம் இல்லை, மறு கை காலி. ஆபத்தில் இருக்கும் எல்ஃபைக் கைவிடக் கூடாது என்ற கடமையும் உண்டு. எல்ஃபுகளுக்கு அளவுக்கு மீறி அள்ளிக் கொடுத்துவிட்டது என்று அந்த நூலை ஆட்டக்காரர்கள் கடிந்துகொண்டார்கள். மெக்கோம்ப் பின்னாளில் பொதுவெளியில் மன்னிப்பே கேட்டார். நூலின் மீது ஆயிரம் குறை இருக்கட்டும், அந்த ஒரு கற்பனை பிழைத்துக்கொண்டது. காரணம் அந்தக் காலிக் கைதான். மந்திரத்துக்கு ஒரு கையை ஒதுக்கி வைத்தால் கேடயத்தை விட வேண்டும். கேடயத்தை விட்டவர் உடம்பை அசைத்துத்தான் உயிர் பிழைக்க வேண்டும். அந்த அசைவுக்குள்ளேயே மந்திரமும் வாளும் சேர்ந்துவிடுகின்றன.

விளையாட்டு பதிப்புக்குப் பதிப்பு மாறியபோதும் பிளேட்சிங்கர் கூடவே வந்தார். 2015-இல் வந்த ‘சுவர்ட் கோஸ்ட் அட்வென்ச்சரர்ஸ் கைட்’ நூலில் அவருக்குப் புது வடிவம் அமைந்தது. களம், எட் கிரீன்வுட் உருவாக்கிய ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் உலகம். அந்த உலகத்தில் எல்ஃபுகளின் பெருநகரமான மித் டிரானர் வீழ்ந்துவிட்டது. பலர் எவர்மீட் தீவுக்குப் பின்வாங்கிவிட்டார்கள். ஊர் காலியானால் ஆசான்களும் போய்விடுவார்கள். மிஞ்சியவை சில பாணிகள்: நீண்ட வாளுக்குச் சிங்கம், குறுவாளுக்குச் சிறுத்தை, வளைவாளுக்குச் செம்புலி. தன் பாணியின் விலங்கை உடம்பில் பச்சை குத்திக்கொள்ளும் வழக்கமும் உண்டு.

அந்த நூலின் விதிப்படி இந்த வித்தை மேஜையில் எப்படி இருக்கும்? ஒரு பிளேட்சிங்கரை எடுத்துக்கொள்வோம். தோல் கவசம், 16 சுறுசுறுப்பு, 18 அறிவு. கவசம் தருவது 11, சுறுசுறுப்பு தருவது 3. தற்காப்பு எண் 14. சுமாரான வில்லாளியே துளைத்துவிடுவார். தன் முறை வந்ததும், வாளும் மந்திரமும் சேர்ந்த ‘வாள்பாட்டை’த் தொடங்குகிறார். அறிவின் 4 புள்ளிகள் வந்து சேர்கின்றன. 18. தலை முதல் கால் வரை இரும்புத் தகடு போர்த்திய வீரருக்கு உள்ள அதே எண்! நடை வேகம் பத்து அடி கூடுகிறது. அடி வாங்கினாலும் மந்திரத்தில் குவிந்த மனம் எளிதில் கலையாது. இத்தனையும் ஒரே நிமிடத்துக்கு, அதாவது பத்துச் சுற்றுகளுக்கு மட்டும். கேடயத்தை எடுத்தாலோ, இரண்டு கையாலும் ஆயுதத்தை ஓங்கினாலோ பாட்டு அங்கேயே நின்றுவிடும். படித்தவருடைய அறிவே அவருக்குக் கவசமாகிறது. கேடயம் கூடாது என்ற பழைய நிபந்தனையும் மாறாமல் நிற்கிறது.

2015-இல் இந்தப் பாதை எல்ஃபுக்கும் அரை எல்ஃபுக்கும் மட்டுமே என்று விதி சொன்னது. ஆட்டத்தை நடத்துபவர் விரும்பினால் தளர்த்தலாம். 2020-இல் ‘டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங்’ நூல் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டது. எந்த இனத்தவரும் கற்கலாம். ஆறாம் நிலையில் இரண்டு வாள்வீச்சு உண்டு; அவற்றில் ஒன்றுக்குப் பதிலாக ஒரு சிறு மந்திரத்தையும் ஏவலாம். 1974-இல் வெவ்வேறு பயணங்களில் பிரிந்து கிடந்த வாளும் மந்திரமும் இங்கே ஒரே மூச்சில் சேர்கின்றன.

கதவைத் திறந்துவிட்டதில் மரபு நீர்த்துப்போனது என்று வருந்துபவர்கள் உண்டு. எனக்கு அந்த வருத்தம் இல்லை. தன் குலத்துக்குள் மட்டுமே சொல்லிக் கொடுப்போம் என்று பொத்தி வைத்த வித்தை, அந்தக் குலம் கப்பலேறிப் போகும் நாளில் கூடவே போய்விடும். பிளேட்சிங்கருக்கு அழகைக் கொடுத்தது எல்ஃப் ரத்தம் அன்று. கேடயத்தைத் துறந்து அந்த இடத்தில் படிப்பை வைத்த துணிச்சல். அந்த விலையைக் கொடுக்க முன்வரும் எவருக்கும் இந்த வித்தை சேர வேண்டும். மறையும் மரபுக்கு அருங்காட்சியகத்தைவிட மாணவர்களே தேவை. இன்று ஒரு மனிதப் பெண்ணோ குள்ளரோ பிளேட்சிங்கராக மேஜைக்கு வரும்போது, அந்த மரபுக்கு இன்னொரு தலைமுறை கிடைத்துவிடுகிறது.