முக்கூடல் நீரும் நகராட்சிக் குழாயும்

திருநெல்வேலிக்குக் கிழக்கே, தாமிரபரணியுடன் சிற்றாறு கலக்கும் இடத்தை ஒட்டிச் சீவலப்பேரி அமைந்துள்ளது. முக்கூடற்பள்ளு கூறும் முக்கூடல் இதுவே என்பர். இலக்கியம் பயில்வோர் இவ்வூரை அவ்வாறு அறிவர். கரிசல் நாட்டு மக்களோ குடிநீரால் அறிவர். இங்கு ஆற்றுப்படுகையில் எடுக்கப்படும் நீர், குழாய் வழியே நெடுந்தொலைவு சென்று கோவில்பட்டி நகருக்குப் பயன்படுகிறது.

நகர மக்களுக்கு நீர் வழங்குவது யாருடைய பொறுப்பு? சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலேயே இக்கேள்வி எழுந்தது.

வணிகமா, கடமையா?

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் எரிவாயுவையும் குடிநீரையும் தனியார் கம்பெனிகள் விற்று வந்தன. நகரத் தந்தையாக இருந்த ஜோசப் சேம்பர்லின் 1875-இல் எரிவாயுக் கம்பெனிகளையும், 1876-இல் குடிநீர்க் கம்பெனியையும் நகராட்சியின் உடைமையாக்கினார். எரிவாயுவில் கிடைக்கும் இலாபம் நகர வளர்ச்சிக்கு உதவலாம்; குடிநீரிலோ இலாபம் தேடலாகாது, மக்களின் உடல்நலமே அதன் வருவாய் என்பது அவர் கொள்கை.

தூத்துக்குடியின் தாகம்

தூத்துக்குடி 1866-இல் நகராட்சியாயிற்று. ஆனால் கடற்கரை நகருக்கு நல்ல நீர் அரிது. நிலத்தடியில் கனமான உப்புநீரின் மேல் நன்னீர் மிதந்து நிற்கும். அதை மிகுதியாக இறைத்தால் உப்புநீர் மேலேறிவிடும். எனவே கிணறுகளைப் பெருக்குவதால் மட்டும் பயனில்லை. நகராட்சித் தலைவர் ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்தின் (1869–1930) பெருமுயற்சியால், சீவலப்பேரிக்குக் கீழே ஆறு பாயும் வல்லநாட்டிலிருந்து தாமிரபரணி நீர் 1927-இல் குழாய் வழியே நகரை அடைந்தது. அந்நகர மக்கள் அவரை இன்றும் நன்றியுடன் நினைவுகூர்கின்றனர்.

மணல் செய்யும் வேலை

ஆற்றுமணலில் இறக்கப்பட்ட கிணற்றுக்குள் நீர் மெல்லக் கசிந்து வருகிறது. அப்போது சேறும், நுண்கிருமிகளில் பெரும்பகுதியும் மணலிலேயே தங்கிவிடுகின்றன. எஞ்சிய கிருமிகளைக் குளோரின் அழிக்கிறது. பின்னர் நீரை மேட்டு நிலத்துக்கு ஏற்றவேண்டும். 1,000 லிட்டர் நீரை 100 மீட்டர் உயர்த்தக் குறைந்தது 0.27 யூனிட் மின்சாரம் தேவை. குழாயில் ஏற்படும் உராய்வும் பம்பில் நேரும் இழப்பும் சேர்ந்தால் செலவு இன்னும் மிகும். நாம் செலுத்தும் குடிநீர்க் கட்டணம் இப்பணிக்கே உதவுகிறது.

ஆறும் நம் பொறுப்பே

மணலை அளவின்றி அள்ளினால் இயற்கை தந்த வடிகட்டியை இழக்கிறோம். மேலே உள்ள நகரின் சாக்கடை ஆற்றில் கலந்தால் கீழே உள்ள நகரின் குடிநீர் கெடுகிறது. 2023 டிசம்பரில் வந்த பெருவெள்ளத்தில் ஆற்றோரக் குடிநீர் நிலையங்கள் சேதமுற்றன. சுற்றிலும் வெள்ளம் நின்றபோதே மக்கள் குடிநீருக்கு அலைய நேர்ந்தது.

குழாயும் தொட்டியும் நகராட்சிக்குச் சொந்தமாக இருக்கலாம். ஆறோ எந்த ஒரு நகருக்கும் தனி உடைமையன்று. அதைக் காக்கும் கடமை, அதன் நீரை அருந்தும் அனைவருக்கும் உண்டு அல்லவா?