118 வருஷம் காத்திருந்த தோட்டம்

இந்த எபிசோடில் ஒரு ரேங்க் லிஸ்ட்டோட கதை. பிரான்ஸின் தென்மேற்கில் இருக்கிற போர்தோ பகுதியின் ரெட் ஒயின் தோட்டங்களுக்கு 1855-ல் போட்டது. அதில் ஒரு படி மேலே ஏறின தோட்டம் இன்றுவரை ஒன்றே ஒன்றுதான்: ஷாத்தோ மூத்தோன் ரோத்ஷில்ட். தமிழில் எழுதினா பெரியவர் மாதிரி இருக்கு. பிரெஞ்சில் மூத்தோன்னா ஆடு.

அந்த வருஷம் பாரிஸில் உலகக் கண்காட்சி. பேரரசர் மூன்றாம் நெப்போலியன் காலம். ஒயின்களைத் தரம் பிரித்துத் தரச் சொல்லி போர்தோ வர்த்தக சபை தரகர்களிடம் கேட்டது. அவங்க கிளாஸ் கிளாஸா ருசி பார்த்து மார்க் போட்டாங்கன்னு நினைக்கிறீங்களா? இல்லை. எந்தத் தோட்டத்துச் சரக்கு என்ன விலைக்குப் போயிருக்குன்னு பார்த்து, அஞ்சு வகுப்பாப் பிரிச்சுட்டாங்க. முதல் வகுப்பில் நாலே பேர்: லஃபீத், லத்தூர், மார்கோ, ஓ-பிரியோன். மூத்தோன் இரண்டாம் வகுப்பில் முதலாவது. என்னைக் கேட்டால், அது சந்தையைப் பிடித்த ஒரு போட்டோ. அதையே ஃப்ரேம் போட்டு மாட்டி, சட்டம் மாதிரி ஆக்கிட்டாங்க.

லண்டன் வங்கிக் குடும்பத்து நத்தானியேல் தெ ரோத்ஷில்ட் தோட்டத்தை வாங்கி அப்போ ரெண்டே வருஷம். இடம் பொயாக், ஜிரோந்த் முகத்துவாரத்தின் கரை. மண்ணில் அவ்வளவு கூழாங்கல். மழைத்தண்ணி தேங்காது, பகல் வெயிலைக் கல் பிடிச்சு வெச்சுக்கும். தாமதமாகப் பழுக்கிற கேபர்னே சாவிஞோன் திராட்சைக்குத் தோதான இடம். பக்கத்துத் தோட்டம் லஃபீத். அதை 1868-ல் வாங்கினவர் நத்தானியேலின் சித்தப்பா ஜேம்ஸ். வேலிக்கு அந்தப் பக்கம் பங்காளி, அவர் முதல் வகுப்பு. நம்ம ஊர்ல இதுக்கு விளக்கமே வேணாம்.

1922-ல் நத்தானியேலின் கொள்ளுப்பேரன் ஃபிலிப் பொறுப்புக்கு வந்தார். வயசு 20. தோட்டக்காரர்கள் ஒயினைப் பீப்பாயோடு போர்தோ வணிகர்களுக்கு விற்றுவிடுவதுதான் அப்போது வழக்கம். பாட்டிலில் அடைப்பது வணிகர் வேலை. நடுவில் என்ன கலந்தார்கள் என்பது அவங்களுக்கே வெளிச்சம். பெயர் மட்டும் தோட்டத்தோடது. ஃபிலிப் 1924-ல் மொத்த விளைச்சலையும் தோட்டத்திலேயே பாட்டிலில் அடைச்சார். பீப்பாய்களை இனி நாமே வெச்சுக்கணுமே, இடம்? 1926-ல் 100 மீட்டர் நீளத்துக்கு ஒரு கூடம் கட்டினார். ரேங்க்கைவிட இதுதான் அவரோட பெரிய வேலைன்னு எனக்குத் தோணுது.

அப்புறம் போர். ரோத்ஷில்ட் யூதக் குடும்பம். விஷி அரசு தோட்டத்தைப் பறித்தது. ஃபிலிப் தப்பித்து, தெ கோலின் படையில் சேர்ந்தார். மனைவி எலிசபெத் பிறப்பால் யூதர் இல்லை. ஆனாலும் கெஸ்டபோ பிடித்துக்கொண்டு போனது. 1945-ல் ராவென்ஸ்ப்ரூக் வதைமுகாமில் இறந்தார். அதே வருஷ விளைச்சலுக்கு வந்த லேபிளில், வெற்றியைக் குறிக்கும் பெரிய 'வி' எழுத்து. ஃபிலிப் ஜூலியான் என்ற இளம் ஓவியர் வரைந்தது. அந்த லேபிளைப் பார்க்கிறப்போ எனக்கு எலிசபெத் ஞாபகம் வராம இருக்காது.

அதிலிருந்து வருஷம் ஒரு ஓவியர்: தாலி, மிரோ, ஷகால். சம்பளம், ஒயின் பெட்டிகள்.

இடையில் ஃபிலிப் அரசாங்கக் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார். 1973-ல் உத்தரவு வந்தது. கையெழுத்து போட்டவர் விவசாய அமைச்சர் ஜாக் ஷிராக், பின்னாளில் ஜனாதிபதி ஆனாரே, அவரேதான். மூத்தோன் முதல் வகுப்பு. அந்த வருஷ லேபிளில் பிக்காசோ ஓவியம்.

மூணு வருஷம் கழிச்சு பாரிஸில் ஒரு போட்டி நடந்தது. இந்தத் தடவை விலை கிடையாது, பெயர் கிடையாது. லேபிளை மறைத்து, பிரெஞ்சு நடுவர்களே ருசி பார்த்தார்கள். ரெட் ஒயினில் முதலிடம் கலிஃபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப். மூத்தோனின் 1970 ஒயினுக்கு இரண்டாமிடம்.