மேல்காற்றும் கீழ்காற்றும்: பாஸ்டன் மாரத்தான் முடிவுகளைப் படிக்கும் முறை

அமெரிக்க வீராங்கனை டெசிரே லிண்டன் 2011-இல் பாஸ்டன் மாரத்தானை 2 மணி 22 நிமிடம் 38 விநாடியில் ஓடி முடித்தார். வெற்றி பெற்ற கென்ய வீராங்கனை கரோலின் கிலெலுக்கு 2 விநாடி பின்னால், இரண்டாம் இடம். ஏழாண்டு கழித்து, 2018-இல், அதே சாலையில் லிண்டன் எடுத்துக்கொண்ட நேரம் 2 மணி 39 நிமிடம் 54 விநாடி. முதலிடம். பதினேழு நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொண்டவர் எப்படி வாகை சூடினார்? நேரத்தை மட்டும் வைத்து ஓட்டக்காரரை எடை போடுவோர் இந்த இரண்டு வரிகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

விடை, அந்தச் சாலை கிடக்கும் வாக்கில் இருக்கிறது. 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கைக் கண்ட உற்சாகத்தில், பாஸ்டன் தடகளச் சங்கத்தார் 1897 ஏப்ரல் 19 அன்று தொடங்கிய பந்தயம் இது. முதல் ஆண்டில் ஓட வந்தவர்கள் 15 பேர். வென்றவர் நியூயார்க்கின் ஜான் மெக்டெர்மட். 1924-இல் தொடக்க இடம் ஹாப்கின்டன் என்ற சிற்றூருக்கு மாறியது. அங்கிருந்து பாஸ்டன் நகரின் பாயில்ஸ்டன் தெரு வரை ஏறக்குறைய நேர் கிழக்காக ஒரே போக்கு. திரும்பி வருவது கிடையாது. ஆகவே அன்றைக்கு மேற்கிலிருந்து காற்று வீசினால் 42.195 கிலோமீட்டரும் முதுகில் தள்ளும். கிழக்கிலிருந்து வீசினால் அத்தனை தூரமும் நெஞ்சில் அறையும். சுற்றுப் பாதைகளில் காற்று கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கொள்ளும். பாஸ்டனில் அந்தக் கணக்குத் தீர்வதில்லை.

தொடக்கத்தைவிட முடிவு சுமார் 140 மீட்டர் தாழ்வு. இதைக் கேட்டு எளிய பாதை என்று எண்ணிவிடக் கூடாது. முதல் இறக்கங்களில் துள்ளி ஓடியவரின் தொடைத் தசைகளைப் பிற்பகுதியில் வரும் நியூட்டன் மேடுகள் பதம் பார்க்கும். அவற்றுள் கடைசியான ‘ஹார்ட்பிரேக் ஹில்’ உயரத்தில் 27 மீட்டர்தான். ஆனால் 32 கிலோமீட்டர் ஓடிய கால்களுக்கு அது மலை.

2011-இல் நல்ல மேல்காற்று. கென்யாவின் ஜெஃப்ரி முட்டாய் 2:03:02-இல் ஓடினார். அன்றைய உலகச் சாதனை, ஹைலே கெப்ரசெலாசி 2008-இல் பெர்லினில் நிறுவிய 2:03:59. அதைவிட ஏறத்தாழ ஒரு நிமிடம் விரைவு. இருந்தும் சாதனையாக ஏற்கப்படவில்லை. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையிலான நேர்க்கோட்டுத் தொலைவு பந்தய தூரத்தில் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது, சரிவு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டரைத் தாண்டக் கூடாது என்பவை விதிகள். பாஸ்டன் இரண்டையும் மீறுகிறது. விதி சரியே. ஆனால் முட்டாயை ஓட வைத்தது காற்று மட்டும்தான் என்பாரை ஏற்பதற்கில்லை. அதே ஆண்டு நவம்பரில், மேடுபள்ளமான நியூயார்க் பாதையில் 2:05:06 ஓடி, அங்கிருந்த பாதைச் சாதனையை இரண்டரை நிமிடத்துக்கு மேல் குறைத்தவர் அவர்.

2018 ஏப்ரல் 16 பந்தயம் 2011-க்கு நேர் எதிர். நாலு பாகை செல்சியஸ் அளவிலான குளிர், கொட்டும் மழை, முகத்தில் அறையும் கீழ்காற்று. முன்னணி வீரர்கள் பலர் பாதியில் விலகினர். லிண்டனும் விலக எண்ணியிருந்தார். அதனால், கழிப்பறைக்கு ஒதுங்கிய சக வீராங்கனை ஷலேன் ஃப்ளானகனுக்காக வேகத்தைக் குறைத்துக் காத்திருந்து, முன்கூட்டத்தோடு மீண்டும் சேர உதவினார். உதவிக்கென நின்றவரே, மற்றவர்கள் தளரத் தளர முன்னேறி வென்றார். 1985-க்குப் பிறகு பாஸ்டனில் வென்ற முதல் அமெரிக்கப் பெண் அவர். இரண்டாவதாக வந்த சாரா செல்லர்ஸ், மயக்க மருந்துப் பிரிவில் பணிபுரிந்த செவிலியர். அது அவருடைய இரண்டாவது மாரத்தான்தான்!

ஆண்களில் வென்றவர் யூகி கவாவுச்சி, அப்போது ஜப்பானின் சைத்தாமா மாவட்ட அரசு ஊழியராக இருந்தவர்; பள்ளி அலுவலக வேலைக்கு இடையே பயிற்சி செய்தவர். முந்தைய ஆண்டு வெற்றியாளர் ஜெஃப்ரி கிருயி நெடுந்தூரம் முன்னே ஓடினார். கடைசிக் கட்டத்தில் அவரைக் கடந்த கவாவுச்சியின் நேரம் 2:15:58. 1976-க்குப் பின் வெற்றியாளர் ஒருவரின் மிக மெதுவான நேரம். 2:18:23-இல் வந்த கிருயிக்கும் அவருக்கும் இடைவெளி 2 நிமிடம் 25 விநாடி. என்னைக் கேட்டால், அன்றைய ஓட்டத்தை அளக்க வேண்டிய கோல் இந்த இடைவெளிதான்.

முடிவுகளின் பட்டியல் மறைப்பது காற்றை மட்டுமன்று. 1966-இல் பெண் என்பதால் அனுமதி மறுக்கப்பட்ட பாபி கிப், தொடக்க இடத்தருகே புதரில் மறைந்திருந்து கூட்டத்தில் கலந்து முழுத் தூரத்தையும் ஓடினார். அந்த ஆண்டின் முடிவுகளில் அவர் பெயர் கிடையாது. பெண்களுக்கு முறையான அனுமதி 1972-இல்தான் கிடைத்தது. 1966 முதல் 1968 வரை மூன்று ஆண்டுகளும் பெண்களில் முதலில் வந்தவர் கிப் என்பதைச் சங்கம் ஒப்புக்கொண்டது 1996-இல்.