பிறேஸ்கேர்டில் தீர்ப்பும் பின்வந்த 'பாதுகாப்பு'ச் சட்டங்களும்

தேயிலைத் தோட்டத்திற் பயிற்சி பெற வந்து, சமசமாஜிகளுடன் இணைந்தவர் பிறேஸ்கேர்டில் என்னும் வெள்ளையர். 1937 ஏப்ரிலில் நாவலப்பிட்டிக் கூட்டத்தில் தோட்டத் துரைமாரைக் கண்டித்துப் பேசினார். 48 மணித்தியாலத்துள் நாட்டைவிட்டு நீங்குமாறு தேசாதிபதி ஸ்ரப்ஸ் கட்டளையிட்டார். ஆதாரம், 1896ஆம் ஆண்டின் அரச கட்டளை. தலைமறைவாகிப் பின் கைதானவருக்காக எச். வி. பெரேரா வாதாடினார். அவசரநிலை நிலவாதவிடத்து அவ்வதிகாரம் செல்லாது என மே மாதத்தில் உயர் நீதிமன்றம் தீர்த்து, அவரை விடுவித்தது.

இதனை நீதித்துறைச் சுதந்திரத்தின் வெற்றியென்றே பாடநூல் மரபு போற்றும். தவறில்லை, ஆயின் வழக்கை வெல்லவைத்த வினா, அவசரநிலை உண்டா என்பதே. 1947 ஜூனில், பொது வேலைநிறுத்தக் காலத்தில், பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அவசரநிலையைப் பிரகடனஞ் செய்யும் அதிகாரத்தைத் தேசாதிபதிக்கே அளித்தது. அதன்கீழ் ஆக்கப்படும் ஒழுங்குவிதிகளை எந்நீதிமன்றிலும் கேள்விக்குட்படுத்தலாகாது என்றது 8ஆம் பிரிவு. (சோல்பரி அரசியலமைப்பின்கீழ் முதற் பாராளுமன்றம் கூடுமுன்னரே இது சட்டமாயிற்று.)

1979இல் தற்காலிகமென இயற்றப்பட்டு, 1982இல் நிரந்தரமாக்கப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம் அவசரநிலைப் பிரகடனத்தையே வேண்டி நிற்கவில்லை. பொலிசாரிடம் அளித்த குற்ற ஒப்புதல் சான்றாகாது என்பது சான்றுக் கட்டளைச் சட்டத்தின் பழைய விதி. உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாதவரிடம் அளித்ததாயின் அது சான்றாகும் என்றது புதிய சட்டத்தின் 16ஆம் பிரிவு. அவ்வொப்புதல் பலவந்தத்தாற் பெறப்பட்டதென நிரூபிக்கும் சுமையும் கைதியின் தலையிலேயே வைக்கப்பட்டது.