வில் செய்யக் கற்பிப்பவர் யார்?

நான் தலைமையாசிரியராகப் பணியாற்றிய காலத்தில், பள்ளி ஆண்டு விழா நாடகத்திற்காக மாணவன் ஒருவன் தன் கையாலேயே ஒரு மரவில் செய்து கொண்டு வந்தான். மரக்கடையில் வாங்கிய பலகையை அறுத்து, இழைத்து, வண்ணமும் தீட்டியிருந்தான். ஒத்திகையன்று நாணை இழுத்தான். வில் நடுவே முறிந்தது. அவன் அழவில்லை. "ஐயா, வில் செய்யக் கற்றுக்கொடுக்கும் புத்தகம் எது?" என்று கேட்டான். நூலகத்திலிருந்து கலைக்களஞ்சியத்தின் தொகுதி ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அதில் வில்லின் வரலாறு இருந்தது. வில் செய்யும் வகை இல்லை. மறுநாள் நூலைத் திருப்பித் தந்துவிட்டு, ஒன்றும் பேசாமல் சென்றான். அவனுக்கு அன்று சொல்லத் தவறிய விடையை இன்று உங்களுக்குச் சொல்ல முற்படுகின்றேன்.

ஒரு கைத்தொழிலுக்கு ஆசிரியர் மூவர் உண்டு. முதலாமவர் நூல், இரண்டாமவர் செய்யப்பட்ட பொருள், மூன்றாமவர் செய்பவரின் கை. வில்லின் வரலாற்றிலே இம்மூவரையும் தனித்தனியே காணலாம்.

முதலில் நூலைப் பார்ப்போம். இங்கிலாந்தில் ரோஜர் ஆஸ்கம் என்றோர் அறிஞர் இருந்தார். கேம்பிரிட்ஜில் கிரேக்கம் கற்பித்தவர். பின்னாளில் அரசியாகிய எலிசபெத்துக்கு இளமையில் ஆசிரியராக அமைந்தவர். அவர் 1545-ஆம் ஆண்டு 'டாக்ஸோஃபிலஸ்' என்னும் நூலை வெளியிட்டார். அறிஞர்கள் இலத்தீனில் எழுதிய அக்காலத்தில், வில்வித்தையைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதினார். முடிச்சும் முறுக்கும் இல்லாத வில்லைத் தேர்ந்தெடுப்பது எப்படி, அதனைப் பேணுவது எப்படி என்றெல்லாம் அழகாக விளக்கினார். ஆனால் வில்லைச் செதுக்கும் இடம் வந்ததும், அதனை வில் செய்பவரிடம் கொடுத்துச் சீர்ப்படுத்திக் கொள்ளுமாறு கூறிவிட்டார். அவர் மீது குறை இல்லை. அன்று இலண்டனில் வில் செய்வோரின் சங்கம் இருந்தது. தொழில் குருவின் கையிலிருந்து சீடனின் கைக்குச் சென்றது. வீதியில் கிடைக்கும் அறிவை ஏட்டில் எழுதுவானேன் என்று எவரும் எண்ணுவது இயல்பே. ஆனால் துப்பாக்கி வந்தது. 1595-ஆம் ஆண்டில் அந்நாட்டுப் படைப்பிரிவுகளில் வில்லாளரைச் சேர்ப்பதில்லை என அரசவை முடிவு செய்தது. போர்வில் செய்த கைகள் ஓய்ந்தன, எழுதப்படாதது மறைந்தது.

இனி இரண்டாவது ஆசிரியர். ஆஸ்கம் நூல் வெளிவந்த அதே 1545-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், எட்டாம் ஹென்றி மன்னரின் 'மேரி ரோஸ்' என்னும் போர்க்கப்பல் போர்ட்ஸ்மத் அருகே கடலில் மூழ்கியது. 1982-ஆம் ஆண்டு அதன் உடல் கடலடியிலிருந்து தூக்கப்பட்டது. சேற்றில் புதைந்திருந்தமையால் கெடாமல் காக்கப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட முழு விற்களும் ஆயிரக்கணக்கான அம்புகளும் அகழ்வாய்வில் கிடைத்தன. பெரும்பாலான விற்கள் ஏறத்தாழ 2 மீட்டர் நீளம். அவற்றை அளந்தும், அவை போன்ற புது விற்கள் செய்து சோதித்தும் பார்த்த அறிஞர்கள் வியந்தனர். பலவற்றை முழுமையாக இழுக்க 100 இராத்தலுக்கும் மேற்பட்ட விசை வேண்டும் எனத் தெரிந்தது.

அவை யூ என்னும் மரத்தால் ஆனவை. வில்லை வளைக்கும்போது இலக்கை நோக்கிய முதுகுப்புறம் இழுபடுகிறது. வில்லாளியை நோக்கிய வயிற்றுப்புறம் நெருக்குண்கிறது. யூ மரத்தில் பட்டையை அடுத்த வெளிர்நிறப் பகுதி இழுவையைத் தாங்கும். உள்ளிருக்கும் வைரம் நெருக்கத்தைத் தாங்கும். வெளிர்ப்பகுதி முதுகாகவும் வைரம் வயிறாகவும் அமையுமாறு அக்கைவினைஞர்கள் மரத்தைப் பிளந்திருந்தனர். ஆஸ்கமின் ஏடு சொல்லாததை மரம் சொல்லிற்று.

முடிந்த பொருளைக் காட்டிலும் முடியாத பொருள் மிகுதியாகக் கற்பிக்கும். 1991-ஆம் ஆண்டு ஆல்ப்ஸ் மலைப் பனியில், சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முன் இறந்த மனிதன் ஒருவனின் உடல் கிடைத்தது. அவனருகே 1.82 மீட்டர் நீளமுள்ள யூ மரவில் ஒன்று, செதுக்கி முடிக்கப்படாத நிலையில் இருந்தது. கருவி பட்ட தழும்புகள் இன்றும் அதில் தெரிகின்றன. செய்பவன் எந்தக் கட்டத்தில் நிறுத்தினான் என்பதை அது காட்டுகிறது. எனினும் அடுத்து என்ன செய்திருப்பான் என்று அதனிடம் கேட்க முடியாது.

கேட்டால் விடை தருபவர் மூன்றாவது ஆசிரியரே. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் யாஹி என்னும் தொல்குடியினர் வாழ்ந்தனர். தங்கம் தேடி வந்த குடியேறிகளின் கொலைவெறியால் அவ்வினம் அழிந்தது. எஞ்சிய ஒருவர் 1911-ஆம் ஆண்டு ஓரோவில் என்னும் ஊரருகே பசியால் மெலிந்து வந்து சேர்ந்தார். தம் பெயரை எவருக்கும் கூறாத அவரை, அவர் மொழியில் 'மனிதன்' எனப் பொருள்படும் 'இஷி' என்ற பெயரால் அழைத்தனர். சான்பிரான்சிஸ்கோவில் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் அவர் தங்கினார். அருகிலிருந்த மருத்துவக் கல்லூரியின் ஆசிரியர் ஸாக்ஸ்டன் போப் அவரிடம் மாணவரானார். ஜூனிப்பர் மரத்தைச் செதுக்குவதையும், விலங்கின் நரம்பை மென்று பதமாக்கி வில்லின் முதுகில் ஒட்டுவதையும், அம்பு திருத்துவதையும் போப் அருகிருந்து கண்டார். கண்டதைக் குறித்தார், அளந்தார், தாமும் செய்தார். இஷி 1916-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் காசநோயால் மறைந்தார். போப் அவர் தொழிலை 1918-இல் கட்டுரையாகவும் 1923-இல் நூல்களாகவும் எழுதினார். அந்நூல்களைப் படித்த பலர் மீண்டும் மரவில் செய்யத் தொடங்கினர். அவ்வழியிலே, செய்து பழகியவர்களே எழுதிய 'ட்ரடிஷனல் போயர்ஸ் பைபிள்' என்னும் நூல் 1992 முதல் நான்கு தொகுதிகளாக வெளிவந்துள்ளது.

அந்த நாலைந்து ஆண்டுகளில் ஒருவர் அருகே சென்று அமரவில்லையெனில், இவ்வறிவு அவருடனே மண்ணில் மறைந்திருக்கும். கற்றவர் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர், கற்பித்தவர் எழுத்தறியாதவர். இதனை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு.

அம்மாணவனின் வில் ஏன் முறிந்தது என்பது இப்போது எனக்கு விளங்குகிறது. பலகையை அறுத்தபோது மரத்தின் நார்கள் முதுகுப்புறத்தில் குறுக்கே வெட்டுண்டன. முதுகு ஒரே ஆண்டு வளையத்தை முனையிலிருந்து முனைவரை பின்பற்ற வேண்டும். பிறகு சிறிது சிறிதாக வளைத்துப் பார்த்து, விறைப்பான இடத்தில் வயிற்றுப்புறத்தை மட்டும் சுரண்டி, இரு கைகளும் ஒத்து வளையும்வரை பொறுமை காக்க வேண்டும். இதனை நூலில் படிக்கலாம். எவ்வளவு சுரண்டினால் போதும் என்பதைக் கைதான் அறியும்.

எங்கள் பள்ளியில் தச்சுக் கற்பித்த கைத்தொழில் ஆசிரியர் ஒருவர் இருந்தார். மரத்தின் நாரை விரலால் தடவியே அதன் போக்கைச் சொல்வார். அன்று அம்மாணவனை நான் அவரிடம் அனுப்பியிருக்க வேண்டும், நூலகத்திற்கு அனுப்பினேன். அவர் இன்று இல்லை. அவர் அறிந்ததை எவரும் எழுதி வைக்கவுமில்லை.

மாணவ நண்பர்களே, நூலைத் தேடுங்கள். அருங்காட்சியகப் பொருளை நின்று நோக்குங்கள். அவை இரண்டும் நாளையும் காத்திருக்கும். உங்கள் ஊரில் ஒரு தொழிலை அறிந்த முதியவர் இருந்தால், ஒரு குறிப்பேட்டுடன் இன்றே அவரிடம் செல்லுங்கள். அவர் காத்திருக்க இயலாது.