ஒரு கௌபாய் சுவரொட்டியின் சாட்சி

அமெரிக்காவில் கௌபாய் ஓவியங்களுக்கு ஆரம்பத்திலிருந்தே பாதுகாப்பு இருந்தது. வாங்கியவர்கள் பெரும் பணக்காரர்கள். டெக்சாஸ் பத்திரிகை அதிபர் ஏமன் கார்ட்டர் சேர்த்த ரெமிங்டன், ரஸ்ஸல் ஓவியங்களை வைத்து, ஃபோர்ட் வொர்த் நகரில் 1961-ல் அருங்காட்சியகமே திறந்தார்கள்.

சினிமா சுவரொட்டிக்கு அந்த மரியாதை இல்லை. படம் ஓடும்வரை தியேட்டரில் தொங்கும். பிறகு குப்பைக்கோ அடுத்த ஊருக்கோ போகும். இரண்டாம் உலகப் போரில் பழைய காகிதம் திரட்டியபோதும் ஏராளமாகப் போயின. தப்பியவற்றைத்தான் இன்று போட்டி போட்டு வாங்குகிறார்கள்.

விலையை விடுங்கள், அவை சொல்லும் சாட்சியைப் பாருங்கள். பில் பிக்கெட் 1870-ல் டெக்சாஸில் பிறந்த கறுப்பினக் கௌபாய். குதிரையிலிருந்து பாய்ந்து காளையின் கொம்பைத் திருகி, அதன் உதட்டைப் பல்லால் கடித்துச் சாய்ப்பார். ரிச்சர்ட் நார்மன் அவரை வைத்து 'தி புல்-டாகர்' என்ற மௌனப் படம் எடுத்தார், 1922-ல் வெளிவந்தது. இன்று அந்தப் படத்தில் சில துண்டுகளே மிச்சம். முழுதாக நிற்பது சுவரொட்டிதான்.

அந்தக் காலத்தில் மாடு ஓட்டியவர்களில் கறுப்பர்களும் மெக்சிகர்களும் நிறையப் பேர். ஹாலிவுட்டோ பெரும்பாலும் வெள்ளைக்கார நாயகர்களையே காட்டியது. நாமும் அதைத்தான் பார்த்து வளர்ந்தோம். கௌபாய் என்றால் வெள்ளைக்காரன்தான் என்று நினைப்பவருக்கு, பிக்கெட் பெயரைக் கொட்டை எழுத்தில் தாங்கிய அந்தத் தாள் ஒன்றே போதும்.